ஓட்டுபவருக்கே டயர்

இந்த வீட்டில் இனி எதில் தோற்றாலும் டயரில் மட்டும் தோற்பதில்லை என்று தலைவர் முடிவெடுத்தார்.

அவர் தலைவராக இருந்தது அச்சகத் தொழிலாளர் சங்கத்துக்கு. அச்சகத்தை மூடினார்கள். சங்கம் இரண்டாக உடைந்தது, இரண்டு நான்காகியது, நான்கிலும் அவருக்கு இடமில்லாமல் போய் ஏழு வருடம் ஆகிறது. பட்டம் மட்டும் மிச்சம். அதைச் சொல்லிக் கூப்பிடவும் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளும் காய்கறிப் பையைத் தூக்க வேண்டிய நேரத்தில்தான் கூப்பிடுவாள்.

உலகம் அவரிடமிருந்து பிடுங்க மறந்த பதவி ஒன்றே ஒன்று: காரின் டிரைவர் சீட். காலையில் மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடவேண்டும், மாலையில் கூட்டிவர வேண்டும். நடுவிலிருக்கும் எட்டு மணி நேரத்தையும் அந்த மாலையை நினைத்தே அவர் தள்ளிக்கொண்டிருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களைச் சொல்ல வாய் வராது.

காருக்குப் பதினாறு வயது. நான்கு டயரும் வழுக்கை. போன வாரம் பெய்த சின்னத் தூறலுக்கே சறுக்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் முட்டி நின்றது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பதினைந்து வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வரியில்தான். அடுத்த வரியிலேயே சண்டை.

மனைவிக்கு ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் திட்டுவதை நாள் முழுக்கக் கேட்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லும் உத்தியோகம்.

"எட்டு மணி நேரம் ஊர்க்காரன் கத்துறான். வண்டியில ஏறினா டயர் கத்துது. வீட்டுக்கு வந்தா நீங்க கத்துறீங்க. எங்கயாவது ஒரு இடத்துல எனக்கு அமைதி வேணுங்க. மெத்துனு, சத்தமில்லாம ஓடுற டயரா போடலாம்."

"சொகுசு கேக்குறியா? சொகுசுங்கறது உழைக்கிறவனைத் தூங்க வைக்க முதலாளி கண்டுபிடிச்ச மருந்து!"

"தூக்கம் வருமா? அப்ப ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க."

டயர் கடைக்காரர் பெரிய வயிறும் சின்னக் குரலுமாக இருந்தார். இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"அண்ணே, இது கெட்டி ரப்பர். ரோட்டுல படுற இந்தப் பட்டன் எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு பாருங்க. கல்லு முள்ளுன்னு பாக்காம ஓட்டலாம். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும். ஆனா நல்ல ரோட்டுல ஊளை விடும். அக்கா, இது மெது ரப்பர். பட்டன் சின்னதா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம வெட்டியிருக்கும். சத்தம் ஒண்ணா சேராது. பக்கச்சுவரும் கொஞ்சம் இளகி நிக்கும். குழியில விழுந்தா அடியை அதுவே வாங்கிக்கும், நம்ம இடுப்புக்கு அனுப்பாது. அம்பதாயிரம் வரும்."

தலைவர் கெட்டி டயரை ஓங்கித் தட்டினார். கைதான் வலித்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. மனைவி மெது டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"கம்மியா உழைக்கிறது நமக்கு வேணாம்" என்றார் தலைவர்.

"நீங்க உழைச்சு ஏழு வருஷம் ஆச்சு. நான் வேணாம்னா சொன்னேன்?"

கடைக்காரர் காற்றுப் பம்பைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். வரவேயில்லை.

மறுநாள் காலை டீ கிளாசின் கீழே ஒரு தாள் இருந்தது. 'டயர் கோரிக்கை ஏற்கப்படும்வரை கார் சாவி தொடப்படமாட்டாது. இவண், போராட்டக் குழு.'

மனைவி படித்தாள்.

"குழுவுல யாரெல்லாம் இருக்காங்க?"

"நான்தான்."

"சரி. குழுவுக்கு இன்னொரு டீ வேணுமா?"

குடித்த கிளாசைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். பேச்சுவார்த்தைக்கு வருவாள் என்று வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பூனைதான் வந்து எட்டிப் பார்த்தது.

மாலை ஐந்தானதும் பழக்க தோஷத்தில் சாவியை எடுத்துக்கொண்டு கார் வரை போய்விட்டார். கதவைத் திறக்கும்போதுதான் தான் வேலைநிறுத்தத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வேலைநிறுத்தம் செய்பவனைப் பசி வாட்டும் என்று எத்தனையோ துண்டறிக்கைகளில் அவரே எழுதியிருக்கிறார். விட்டுவிட்டு வந்த வேலையே வந்து வாட்டும் என்று ஒன்றில்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் தனக்காவது உதவியிருக்கும்.

மூன்றாம் நாள் மாலை, மனைவி வீங்கிய காலோடு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"சரிங்க. உங்க கோரிக்கையை எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

தலைவருக்கு நெஞ்சு விம்மியது. ஏழு வருடத்தில் முதல் வெற்றி! பேனாவை உதறி எழுதினார்: 'உழுபவருக்கே நிலம் என்பதுபோல் ஓட்டுபவருக்கே டயர். எந்த டயர் என்பதை முடிவு செய்யும் முழு உரிமை வண்டி ஓட்டுபவரையே சாரும். இதில் மேல்முறையீடு கிடையாது.'

மனைவி இரண்டு தரம் வாசித்தாள்.

"ஓட்டுபவர், ஓட்டுபவர்னு எதுக்குச் சுத்தி வளைக்கணும்? 'என் புருஷன்'னு எழுதிட்டாப் போச்சு."

"ஆளைப் பேர் சொல்லி எழுதறது தனிநபர் வழிபாடு! அதுல அழிஞ்ச இயக்கம்தான் எல்லாமே. கொள்கையைத்தான் எழுதணும்."

"நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு? போடு கையெழுத்தை."

போட்டாள். அவரும் போட்டார், தேதியோடு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது அதன் அதிர்ஷ்டம்.

காலையில் தலைவர் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"சாவி குடுங்க. லைசென்ஸ் இருக்கு, பாக்கறீங்களா?"

நீட்டினாள். அவள் படம், அவள் பேர், புதுப்பித்த தேதி, எல்லாம் சரியாக இருந்தன.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"ஸ்டிரைக்ல நீங்க மூணு மாசம் ஜெயில்ல இருந்தீங்களே, அப்ப. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க தூங்கும்போது ஒரு ரவுண்டு போய்ட்டு வருவேன். உங்க குறட்டையில வண்டிச் சத்தம் உங்களுக்குக் கேக்கவா போகுது?"

"அடிப்பாவி! ஸ்டிரைக் நடக்கும்போது வேலைக்கு வர்றவங்களை என்னன்னு சொல்லுவோம் தெரியுமா? கருங்காலி!"

"ஸ்டிரைக்தான் நேத்தே முடிஞ்சிருச்சே. நீங்கதானே தேதி போட்டீங்க."

தலைவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"ஓட்டத் தெரிஞ்சும் இத்தனை நாளா ஏன் ஓட்டலை?"

மனைவி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"நான் ஓட்டினா நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான். மூணு நாள் பஸ்ல நின்னுக்கிட்டே போனேனா, நான் என்ன பண்றதுன்னும் யோசிச்சேன்."

தலைவர் சாவியைக் கொடுத்தார். முன்சீட்டில் கைப்பையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்ததால் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"எந்த டயர் போடட்டும் அண்ணே?" என்றார் கடைக்காரர். தலைவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஒப்பந்தத்தை நீட்டினாள். கடைக்காரர் உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் படித்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க அண்ணே. சந்தேகத்துக்கே இடமில்லை."

தலைவரின் எழுத்தைப் பிறர் பாராட்டியது அதுவே முதல்முறை.

மெது டயர் நான்கும் ஏறின. வண்டி தெருவில் இறங்கியது. தெரு இருக்கிற மாதிரியே தெரியவில்லை. வேகத்தடை வந்து போனதை இடுப்பு கவனிக்கவில்லை. மனைவியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அது வேறு வயிற்றெரிச்சல்.

"அப்ப எனக்கு?" என்றார் மெல்ல.

"மெது டயருக்குக் காத்து குறையவே கூடாதாம். வாராவாரம் நீங்கதான் பாக்கணும். அந்தத் துறை உங்களுக்கு."

காற்றுத் துறை! தலைவர் சீட்டில் புதைந்தார். முப்பது வருடம் மைக் பிடித்த வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, தனக்கு மட்டும் சொல்லிக்கொண்டார்: "சர்வாதிகாரி."

"கேட்டுச்சுங்க" என்றாள் மனைவி. "நல்ல டயர்."