தாய்மாமனுக்குச் சொன்ன தேங்க்ஸ்

காரைக்குடி
9.8.1971

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய திருப்பத்தூர் சேவுகன் மச்சான் சமுகத்துக்கு, உங்கள் தங்கை பொன்னழகைக் கட்டிய மாயக்கண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. குன்றக்குடி முருகன் புண்ணியத்தில் அங்கு யாவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆவணியில் நம் பெண் மீனாளுக்குக் கல்யாணம். வீடோ இழவு வீடு மாதிரிக் கிடக்கிறது.

எல்லாம் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றபோது, மெட்ராஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சீமந்த புத்திரன் காசிவிஸ்வநாதன், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, "வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றானே, அப்போதே பிடித்தது சனி. தாய்மாமனைப் பார்த்து 'வந்ததற்கு நன்றி' என்றால், வராமலும் இருந்திருக்கலாம் என்றுதானே ஆகிறது? "அது ஓட்டல்ல தின்னுட்டுப் போறவனுக்குச் சொல்றதுடா. நான் என்ன விருந்தாளியா?" என்று கேட்டு, தட்டை இறக்கி வைத்துவிட்டு, கை நனைக்காமல் பஸ் ஏறினீர்கள். உங்கள் பேரில் தப்பே இல்லை. நம் பக்கத்தில் யார் யாருக்கு நன்றி சொன்னோம்? போன கோடையில் எங்கள் கிணற்றைத் தூர்வார நீங்களே ஆள் கூட்டி வந்து இறங்கி வேலை பார்த்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்களும் "என்னா குழம்பு இது, வாயில வைக்க வெளங்கலை" என்று திட்டிவிட்டுத்தான் போனீர்கள். உறவென்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

மன்னிப்புக் கேட்டு வாடா என்று பயலை உங்களிடம் அனுப்பினேன். படியேறியதும் "சாரி மாமா" என்றானாம். "ஒரு இங்கிலீசைத் தொடைக்க இன்னொரு இங்கிலீசாடா?" என்று கேட்டீர்களாம். நியாயம். அதோடாவது வாயை மூடிக்கொண்டு வந்தானா? உங்கள் வீட்டு அக்கம்மாள் அக்கா மனசு கேட்காமல் காப்பி கொடுக்க, வாங்கிக் குடித்துவிட்டு "தேங்க்ஸ் அத்தை" என்றிருக்கிறான். அதுவரை நம் பக்கம் பேசிக்கொண்டிருந்த அக்காவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகக் கேள்வி. மெட்ராஸில் கடைக்காரன், கண்டக்டர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது விக்கல் மாதிரி வருகிறது, மச்சான்.

"தாய்மாமன் வருவாகளா, மாட்டாகளா?" என்று சம்பந்தி வீட்டார் ஆள் மேல் ஆள் விடுகிறார்கள். நீங்கள் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வராமல் மீனாள் எப்படி மணவறையில் உட்காருவாள்? "மாமா வராட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

மனசு தாளாமல், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார் வீரணனிடம் போய், இந்தத் தேங்க்ஸுக்கு என்னதான் அர்த்தம், எங்கிருந்து வந்து தொலைத்தது என்று கேட்டேன். அவர் தலையணை கனத்தில் ஓர் அகராதியைப் புரட்டி, அது வெள்ளைக்காரனுடைய 'நினைத்தல்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது, ஆதியில் 'உன்னை நல்லவிதமாக நினைக்கிறேன்' என்றுதான் பொருள் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆகவே மச்சான், பயல் உங்களை விருந்தாளி ஆக்கவில்லை. 'மாமா, உங்களை நெஞ்சில் வைத்து நினைக்கிறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறான். அது அவனுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் உழவு மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தலை குனிந்தபடி,
மாயக்கண்ணன்

பி.கு.: மேற்கண்டதைப் பொன்னழகிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப அன்னைக்குத்தான் எங்க அண்ணனை நெனச்சானாக்கும்? அதுக்கு முந்தி நெனைக்கலையா? இதைப் படிச்சா வர நெனைச்சவுகளும் வரமாட்டாக. வெளக்கம் சொல்லித்தான் கூடப்பெறந்தவுகளைக் கூப்பிடணுமா?" என்று கேட்டாள். வேறு தாள் வாங்கலாம் என்றால் கடையைப் பூட்டிவிட்டான். ஆகவே அகராதி, அர்த்தம் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மச்சான், நீங்கள் கை நனைக்காமல் போன அன்றிலிருந்து உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை.