செத்த மானும் செத்திருந்த மானும்

ஒரு காட்டில், விசாரணைகள் எல்லாம் இனி ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று உத்தரவு வந்த வருஷத்தில், ஆண்டியப்பன் என்றொரு கழுதைப்புலி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தான். அவன் யாரையும் கொன்றதில்லை. நல்ல குணம் என்று சொல்ல முடியாது. ஓட்டமும் போதாது, தைரியமும் போதாது. யாராவது செத்துக் கிடந்தால் போய்த் தின்பான். இல்லாவிட்டால் பட்டினி கிடப்பான். மனைவி சீனியம்மாவுக்கும் அது பழகிப்போய்விட்டது.

ஒருநாள் குளத்தங்கரையில் கிழட்டு மான் ஒன்று தானாகவே விழுந்து செத்துக் கிடந்தது. ஆண்டியப்பன் தொடைப்பக்கம் பாதி தின்று முடித்த நேரத்தில், ரோந்து வந்த செந்நாய்கள் அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டன. தண்ணீர் குடிக்கிற இடத்தில் கொலை கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். மீறினால் ஊர் ஓரத்துக் குப்பைமேட்டுக்குத் துரத்திவிடுவார்கள். அங்கே தெருநாய்கள் இருந்தன.

விசாரணை அதிகாரி ஒரு யானை. இலை தழை தின்கிறவர் என்பதால் நடுநிலையானவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

“நடந்ததை ஆங்கிலத்தில் சொல்,” என்றார்.

ஆண்டியப்பனுக்குக் கொஞ்சம் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “வென் ஐ கேம், தி டீர் டைடு,” என்றான்.

யானை கண்ணை மூடி யோசித்தார். பிறகு சந்தேகம் வேண்டாமே என்று தமிழுக்கு இறங்கி வந்தார்.

“நீ வந்தாய், மான் செத்தது. அப்படித்தானே?”

“அப்படித்தாங்கய்யா.”

“அதாவது நீ வந்ததும் செத்தது.”

“இல்லீங்கய்யா. அது செத்த பிறகுதான் நான் வந்தேன்.”

“நீ சொன்ன வாக்கியத்தில் அப்படி இல்லையே.”

“வாக்கியத்துல இல்லீங்க. குளத்தங்கரையில அப்படித்தான் இருந்துச்சு.”

“விசாரணை குளத்தங்கரையைப் பற்றி இல்லை,” என்ற யானை, குப்பைமேடு என்று தீர்ப்புச் சொன்னார். பௌர்ணமிக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

வீட்டில் சீனியம்மா குட்டிகளைத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டுக் கேட்டாள்: “அங்க பாலித்தீன் பையெல்லாம் கிடக்குமாம். பிள்ளைங்க முழுங்கிருச்சுன்னா என்னங்க பண்றது?”

அவன் ஒரு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தான்.

“பேசாம குணவதி டீச்சர்கிட்டப் போங்க,” என்றாள்.

குணவதி ஒரு மைனா. டவுனில் ஒரு டுடோரியலின் ஜன்னலுக்கு மேலே முட்டையிலிருந்து வெளிவந்தவள். அந்த அறையில் எந்நேரமும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஒன்றையே நடத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் ஆங்கிலத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். ஆனால் அசைக்க முடியாதபடி தெரியும்.

“ரெண்டு காரியம் நடந்திருக்கு. ரெண்டுமே முடிஞ்சுபோச்சு. எது முன்னால முடிஞ்சுது?” என்று மருதமரக் கிளையிலிருந்து கேட்டாள்.

“மான் செத்தது, டீச்சர்.”

“அப்ப செத்ததுக்கு ஒரு ஹேட் போடணும்.”

“செத்ததுக்கு நான் எதையும் போட்டதில்லையே டீச்சர். எடுத்துத்தான் பழக்கம்.”

“இனிமே போட்டுட்டு எடு,” என்றாள் மைனா.

ஆண்டியப்பன் ராப்பகலாகச் சொல்லிப் பார்த்தான். தாடை அதற்கு வாகாக இல்லை. ஹேட் வரும்போதெல்லாம் கூடவே சிரிப்பும் வந்தது. கழுதைப்புலிகளுக்கு அது ஒரு தொல்லை. சீனியம்மா எதிரில் உட்கார்ந்து, சிரித்தால் காதைக் கடித்தாள். ஒருவழியாக வந்துவிட்டது.

மேல்முறையீட்டில் யானைக்கு முன்னால் நின்று, சிரிக்காமல் சொன்னான்: “வென் ஐ கேம், தி டீர் ஹேட் டைடு.”

யானையின் தும்பிக்கை ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே,” என்றார். குற்றம் தள்ளுபடி ஆனது. போகும்போது ஒரு கட்டுக் கரும்பும் பரிசாகக் கொடுத்தார். ஆண்டியப்பன் கரும்பு தின்பதில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டான்.

“நம்பிட்டாங்களா?” என்றாள் சீனியம்மா.

“நம்பினாங்களான்னு தெரியலை. ரைட்டுன்னு சொன்னாங்க.”

அந்தக் கோடையில் காட்டில் யாருமே தானாகச் சாகவில்லை. குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் குளத்தங்கரைப் புதரில் முயல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஆண்டியப்பன் அது செத்துவிட்டது என்று நினைத்துத்தான் கிட்டே போனான். மூச்சு விடுவது தெரிந்த பிறகும் திரும்பி வரவில்லை.

வாய்க்குள் சூடாக இருந்தது. அதுவரை அவன் தின்றதெல்லாம் ஆறிப்போனவை. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். செந்நாய்கள் வந்து நின்றன.

“என்னப்பா இது?” என்றது தலைமைச் செந்நாய்.

ஆண்டியப்பன் முயலைக் கீழே வைத்தான். “வென் ஐ கேம், தி ஹேர் ஹேட் டைடு.”

செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முயலின் உடம்பிலிருந்து இன்னும் ஆவி பறந்தது. தலைமைச் செந்நாய் குரலைத் தாழ்த்தி, “இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு. எங்க படிச்ச?” என்று கேட்டது.

அடுத்த வாரம் மருதமரத்தடியில் உட்கார இடமில்லை. செந்நாய்கள் மொத்தமாக வந்து சேர்ந்தன. சிறுத்தை வந்தது. மலைப்பாம்பு வாயில் எதையோ வைத்துக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் முனகிப் பழகியது. முதலைக்கு மட்டும் ஒரு சிக்கல். அது எப்போதும் குளத்திலேயே கிடப்பதால், ‘நான் வந்தபோது’ என்று சொன்னால் எடுபடாது. குணவதி டீச்சர் அதை ‘நான் கண் விழித்தபோது’ என்று மாற்றிக் கொடுத்தாள். ஆண்டியப்பன் மூத்த மாணவன் என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்தான். குட்டிகள் கொழுத்திருந்தன.

வருஷக் கடைசியில் யானை அறிக்கை வாசித்தார். “காட்டில் இவ்வாண்டு ஒரு கொலைகூட இல்லை. சாவுதான் கொஞ்சம் கூடுதல்.”

அதற்கு மறுநாள் ஒரு பெண்மான் வகுப்புக்கு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் ஊறியதை மரியாதைக்காக விழுங்கிக்கொண்டார்கள்.

“உனக்கு எதுக்கும்மா இது?” என்றாள் குணவதி டீச்சர். “ஐ ஹேட் டைடுன்னு நீயா போய்ச் சொல்லப்போற?”

“சொல்ல முடியாது டீச்சர். ஆனா எங்களைப் பத்தித்தானே பேசுறாங்க. கேட்டாவது வைக்கலாம்னு வந்தேன்.”

ஆண்டியப்பன் நகர்ந்து இடம் விட்டான். மான் அவன் பின்னால் சற்றுத் தள்ளி நின்றுகொண்டது. அதன் பார்வை தன் முதுகில் இருப்பது அவனுக்கு என்னவோபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மான் பாடத்தைக் கவனமாகக் கேட்டது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டது.

“செத்ததுக்கு மட்டும்தான் ஹேட் வருமா டீச்சர்?”

“எதுக்கு வேணும்னாலும் வரும். முன்னாலயே முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப நான் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டுமா?”

“சொல்லு.”

“வென் தி ஹைனா டர்ண்டு, தி டீர் ஹேட் கான்.”

சுத்தமான வாக்கியம். ஹேட் சரியான இடத்தில் விழுந்திருந்தது. மெச்சலாம் என்று ஆண்டியப்பன் திரும்பினான்.

புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நீதி: சாவதானாலும் ஓடுவதானாலும், அடுத்தவர் வந்து சேர்வதற்கு முன்பே முடித்துக்கொள்வதுதான் நல்ல ஆங்கிலம்.