சைபர் அண்ணையின் ஒன்பதாவது இன்னிங்ஸ்

ஒன்றுமே நடக்காத ஒரு சம்பவத்தை இரண்டு மணி நேரம் சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் நியூசிலாந்தின் ஓக்லாந்தில், கிளென்ஃபீல்டில், என் வீட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு காலடி தள்ளிக் குடியிருந்தார். தொண்ணூறுகளில் அங்கிருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் சைபர் அண்ணை.

ஐம்பதுகளில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தபோது, ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கித் தொழில்முறை பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். ஒரு அணி இரண்டு ஓட்டம். மற்ற அணி சைபர். அவ்வளவுதான் கதை.

"கிரிக்கெட்டில சைபர் எண்டால் வெக்கம், மாஸ்டர். அங்க ஒருத்தன் பந்து வீசியே முழு அணியையும் சைபரில வச்சிருந்தவன். அது கிரீடம்."

செபக்கூட்டம், பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல், எங்கும் இதையே செய்கையோடு சொல்வார். பந்துக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்டதை வீசுவார்: தோடம்பழம், எண்ணெயில் பொரித்த வாய்ப்பன், ஒருமுறை பாதிரியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. பெண்கள் கண்ணாடிக் கோப்பைகளை முன்கூட்டியே அலுமாரியில் பூட்டினார்கள். நான் ஜன்னலோரம் உட்காருவதையே விட்டேன். பல் வைத்தியரிடம் வாயில் பஞ்சோடு ஆறாவது இன்னிங்ஸ் வரை போனவர் அவர்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட், ஆக இருபத்தேழு. முப்பத்தொன்றாவது தடவை கேட்டபோது விரல் மடக்கிப் பார்த்தேன். இருபத்துநான்கு பேர்தான் அவுட்டானார்கள். அடுத்த தடவையும் அதே இருபத்துநான்கு. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, மிச்ச மூண்டு பேர் எங்க?"

ஓங்கிய வாய்ப்பன் கையிலேயே நின்றது. "அப்பாடா, ஒருத்தர் கேட்டிட்டார்" என்றார் அவர் மனைவி.

அண்ணை என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். "எட்டாவதோட எழும்பி ஓடினனான், மாஸ்டர். ஆறு மணிக்குக் கப்பல். பிந்தினா விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

"பேந்து ஆரையாவது கேட்டிருக்கலாமே?"

"ஒரு ஓட்டம் எடுத்திருந்தால்? நாப்பது வருசமாப் பொய் சொன்ன மாதிரியெல்லே?"

அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. டிக்கெட்டின் பாதி அவருடைய பைபிளுக்குள் இருந்தது. திகதியும் தெளிவாக இருந்தது. எழுதிக் கேட்கலாம் என்றேன்.

"கேட்டால் தெரிஞ்சுபோயிடுமே."

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, "ஓம், எழுதுங்கோ" என்றார். அந்த நகரத்து நூலகத்துக்கு, அண்ணையின் விலாசம் போட்டு எழுதினேன். பதில் வர முப்பத்தெட்டு நாள். அத்தனை நாளும் அண்ணை கதையைத் தொடவில்லை. ஒரு கலியாண வீட்டில் பேசாமல் இருந்து சோறு சாப்பிட்டார். அவருக்குச் சுகமில்லையா என்று பதினொரு பேர் என்னிடம் விசாரித்தார்கள்.

கடிதம் வந்ததும் பிரிக்காமல் என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே பழைய பத்திரிகைப் பக்கத்தின் பிரதி, பொடி எழுத்து. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"சொல்லுங்கோவன். ஒண்டா?"

"இல்லை அண்ணை."

"ரெண்டா?"

"ஒன்பதாவதில மூண்டு பேர் வந்தவங்கள். மூண்டு பேரும் அவுட். சைபர்தான்."

அண்ணை சுவரிலேயே நெற்றியை வைத்துச் சிரித்தார். பிறகு என்னைத் தூக்கப் பார்த்தார். இருவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. "இனி இன்னும் நீட்டுவார்" என்று அவர் மனைவி தலையில் கைவைத்தாலும், கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வீடு நிறையச் சனம். எட்டு இன்னிங்ஸை அமர்க்களமாக முடித்த அண்ணை, திடீரென்று உட்கார்ந்துவிட்டார்.

"இனி நான் பாக்காதது. மாஸ்டர்தான் வாசிச்சவர். அவர் சொல்லட்டும்."

என் கையில் ஒரு தோடம்பழத்தைத் திணித்தார்கள். யார் மூக்கில் படுமோ என்ற பயத்தோடே எழுந்து, தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முடிவு தெரியாதவர்போல நாற்காலி நுனியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணை. அந்த முகத்துக்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசியிருப்பேன்.