உட்கார்ந்துகிட்டே சண்டை போடறது எப்படி

உட்காருங்க, உட்காருங்க. பெஞ்சுல இடம் இருக்கு, கொஞ்சம் ஒட்டி உட்காருங்க. அங்க ஓரத்துல குசுகுசுங்கறவங்க கொஞ்சம் வாயை மூடுங்க. கவுண்டர் இப்போதைக்குத் திறக்காது, திறந்தாலும் நம்ம வேலை முடியப்போறதில்ல. அதுக்குள்ள ஒரு தண்ணி ஆபீஸ் கதை சொல்லி முடிச்சுடறேன்.

வீடுகளுக்குக் குழாய் இணைப்பு குடுக்கிற ஆபீஸ் அது. குடுக்கிற ஆபீஸ்னு வெளிய பலகையில எழுதியிருக்கும், அவ்வளவுதான். அங்க கவுண்டர்ல இருந்த குமாஸ்தாவுக்கு அம்மா அப்பா ஆசையா வச்ச பேரு ஒண்ணு உண்டு. ஆனா ஊருக்கே அவர் 'நாளைக்கு சார்'. யார் வந்து எதைக் கேட்டாலும் தலையை நிமிர்த்தாம "நாளைக்கு வாங்க"ம்பார். கோவமா சொல்ல மாட்டார், தங்கமான மனுஷன். குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி பதமா சொல்வார். ஒருநாள் வீட்டம்மா "கேஸ் தீர்ந்துபோச்சுங்க"ன்னதுக்குப் பழக்கதோஷத்துல "நாளைக்கு வாங்க"ன்னுட்டார். அன்னைக்குச் சாப்பாடும் நாளைக்குன்னு ஆயிடுச்சு.

அவருக்கு உலகத்துல பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, அந்தக் கவுண்டர் நாற்காலி. தலைக்கு நேர் மேல ஃபேன். அடியில வீட்டம்மா தைச்சுக் குடுத்த மெத்தை. உட்கார்ந்து உட்கார்ந்து அதுல அவர் உருவமே பதிஞ்சுபோச்சு. அவர் லீவுல இருந்தாலும் பாதி அவர் ஆபீஸ்ல இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒருநாள் யாரோ ஒருத்தர் பொறுமை போய், கவுண்டர் கண்ணாடியில ஓங்கி ஒரு தட்டு தட்டிட்டார். கண்ணாடி கீறல் விட்டுடுச்சு. சத்தம் மாடியில இருந்த மேலதிகாரி, பெரிய சார் காதுக்குப் போச்சு. உடனே மீட்டிங், பிஸ்கட், அதுக்கப்புறம் சர்க்குலர்.

"பொதுமக்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, ஊழியர்கள் அனைவரும் தத்தமக்கு உகந்த தற்காப்புக் கலையொன்றைத் தெரிவு செய்து, விரைந்து பயின்று, தேர்ச்சி பெற வேண்டியது. தவறுவோர் தற்போதைய இருக்கையிலிருந்து விடுவிக்கப்பட்டு, குழாய் உடைப்புப் பிரிவில் மகிழ்ச்சியுடன் அமர்த்தப்படுவர்."

மகிழ்ச்சி யாருக்குன்னு அதுல போடல.

பியூன் மட்டும் தலையைச் சொறிஞ்சுகிட்டே கேட்டார். "சார், தண்ணி குடுத்துட்டா கண்ணாடியைத் தட்ட மாட்டாங்களே?"

"அது கொள்கை முடிவுப்பா. நாம இப்ப பேசறது பாதுகாப்பு"ன்னார் பெரிய சார். மறுநாள் காலையில பியூன் முட்டி வரைக்கும் சேத்துல நின்னு, உடைஞ்ச குழாயைப் பிடிச்சுகிட்டிருந்தார். மகிழ்ச்சியுடன்.

அதை நாளைக்கு சார் ஜன்னல் வழியாப் பார்த்தார். சேத்துல ஏது மெத்தை, ஏது ஃபேன்? அன்னைக்குச் சாயங்காலமே கிளாஸ் தேடிக் கிளம்பிட்டார்.

தேட என்ன இருக்கு? தடுக்கி விழுந்தா ஒரு கிளாஸ். முன்னாடி தையல் கடை இருந்த இடத்துல குங்ஃபூ, பழைய இரும்புக்கடையில ஜிம். இரும்பு வித்தவரே இப்ப அதே இரும்பைத் தூக்கச் சொல்லிக் காசு வாங்கறார். நாளைக்கு சார் எல்லா இடத்துலயும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "மாஸ்டர், இதுல உட்கார்ந்துகிட்டே பண்றது ஏதாவது உண்டா?"

கராத்தே மாஸ்டர் உண்டுன்னார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில உட்காரச் சொன்னார். தொடை ரெண்டும் மிக்சி மாதிரி நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. நாளைக்கு சாருக்கு இந்த முறை கொஞ்சம் பழக்கமானதாத்தான் பட்டுது. அவங்க ஆபீஸ் தண்ணியே இல்லாம குழாய் குடுக்கும், இவர் நாற்காலியே இல்லாம உட்கார வைக்கிறார். ஆனா வாங்கிக்கிற பக்கம் நின்னு அனுபவிக்கிறது கஷ்டமா இருந்ததால வந்துட்டார்.

அடுத்தது ஜிம். சுவரெல்லாம் கண்ணாடி. யாரும் எதையும் தூக்கல, எல்லாரும் போனைத் தூக்கித் தங்களையே படம் எடுத்துகிட்டிருந்தாங்க. ஒருத்தர் மட்டும் வெயிட்டைத் தூக்கினார், அதுவும் படம் சரியா விழலைன்னு திரும்பத் திரும்ப. புஜம் பூசணிக்காய் மாதிரி இருந்த டிரெய்னர் தம்பி வந்து, "உங்க கோல் என்ன சார்?"னுது.

"நாற்காலி."

"இல்ல சார், மசில் வேணுமா, சிக்ஸ் பேக் வேணுமா?"

"ஃபேன் வேணும் தம்பி."

தம்பி அவரை மேலயும் கீழயும் பார்த்துட்டு ஒரு பவுடர் டப்பாவை வித்து அனுப்பிடுச்சு.

மூணாவதா மூச்சு கிளாஸ். அப்பாடா, உட்கார்ந்தே பண்ணலாம். மெல்லிசான குரல்ல ஒரு அம்மா, மூச்சை நல்லா உள்ள இழுங்கன்னாங்க. இழுத்தார். இழுத்துப் பிடிங்கன்னாங்க. பிடிச்சார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வர ஆரம்பிச்சதும் எப்ப விடறதுன்னு கையாலயே கேட்டார். வெளிய விடறது அடுத்த நிலை வகுப்பாம், அதுக்குத் தனிக் கட்டணமாம். வாசலுக்கு ஓடிவந்து திருட்டுத்தனமா விட்டார்.

கடைசியா போய்ச் சேர்ந்தது ஜூடோ. மாஸ்டர் கம்மியாப் பேசற ஆளு.

"ஆரம்பத்துல விழறதுக்கு மட்டும்தான் கத்துக்குடுப்பேன்"னார்.

"விழுந்தா எவ்வளவு நேரம் கிடக்கலாம் மாஸ்டர்?"

"அது உங்க வசதி."

அங்கயே பணத்தைக் கட்டிட்டார்.

என்ன இருந்தாலும் திறமைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. வருஷக்கணக்கா நாற்காலியில ஊறின உடம்பு, பஞ்சு மாதிரி. முன்னாடி விழுந்தார், பின்னாடி விழுந்தார், பக்கவாட்டுல உருண்டார். அடி ஒண்ணும் படல. பழைய மாணவங்களெல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. வீட்டுலயும் கட்டில்லேருந்து விழுந்து விழுந்து பழகினார். கீழ் வீட்டுக்காரங்க வந்து, உங்க வீட்டுல தினம் யாரை யார் அடிக்கிறீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. வீட்டம்மா தலையில அடிச்சுகிட்டாங்க.

"ஏங்க, எதிராளி விழணுமா, நீங்க விழணுமா?"

"அதெல்லாம் சர்க்குலர்ல தெளிவா இல்லடி."

பரீட்சை அன்னைக்குத்தான் தெளிவாச்சு. ஆபீஸ் ஹால்ல ஜூடோ மெத்தையை விரிச்சு, ஜூடோ மாஸ்டரையே நடுவராக் கூப்பிட்டிருந்தாங்க; எந்தக் கலை கத்துகிட்டவங்களுக்கும் இதே பரீட்சைதான். பெரிய சார் மாலையெல்லாம் போட்டுகிட்டு, "பாதுகாப்பு யாரிடமிருந்து? பொதுமக்களிடமிருந்து. ஆகவே பரீட்சையும் பொதுமக்களோடுதான்"னு முழங்கினார். பெஞ்சுல காத்துகிட்டிருக்கிறவங்கள்ல யாரையாவது ஊழியர் தெரிவு செஞ்சுக்கலாம். அவங்களுக்கு ஒரு ஜூடோ சட்டை மாட்டிவிடுவாங்க. சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, நின்ன இடத்துலேருந்து ஒரு அடி நகர்த்திட்டா தேர்ச்சி. முடியலைன்னா சேறு.

இத்தனை வருஷத்துல ஒரு ஃபைலைக்கூட ஒரு அடி நகர்த்தாத மனுஷனுக்கு வந்த சோதனையைப் பாருங்க.

நாளைக்கு சார் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைத் தட்டினவர் இருந்தார், அவர் வேணாம். ஒரு லாரி டிரைவர் இருந்தார், அவர் வேணவே வேணாம். கடைசி ஓரத்துல ஒரு தையல்கார அம்மா உட்கார்ந்திருந்தாங்க. ஒல்லியான உடம்பு, மடியில ஒரு பை. ரெண்டு வருஷமா வர்றாங்க. குழாய் கேட்டு வந்த முதல் நாள் பேசினதோட சரி, அதுக்கப்புறம் வாயே திறந்ததில்ல. வருவாங்க, கவுண்டர் முன்னாடி நிப்பாங்க, "நாளைக்கு வாங்க"ன்னதும் தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க. தள்ளினா சத்தமில்லாம நகர்ற ஒரே பொதுமக்கள் இவங்கதான்னு நாளைக்கு சாருக்குத் தோணுச்சு.

அந்த அம்மாவைக் கூப்பிட்டாங்க. பையைப் பெஞ்சுல வச்சுட்டு வந்தாங்க. சட்டையை மாட்டிவிட்டா, ஹேங்கர்ல தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு. நாளைக்கு சாருக்கு மூச்சு திரும்பி வந்துச்சு. இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதையா, சட்டைக் கையைப் பிடிச்சுகிட்டே காதோரமா கெஞ்சினார்.

"கொஞ்சம் நகர்ந்து குடுத்துடுங்கம்மா. உங்க ஃபைலை நாளைக்கே பார்த்துடறேன்."

அந்த அம்மா முதல் தடவையா அவரை நிமிர்ந்து பார்த்தாங்க. பார்த்துட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாங்க. காலை ஊன்றி நின்னாங்க.

நாளைக்கு சார் இழுத்தார். சுவத்துல அடிச்ச ஆணியை இழுத்த மாதிரி இருந்துச்சு. பல்லைக் கடிச்சு இழுத்தார். முட்டி போட்டு இழுத்தார். அந்த அம்மா மூக்கை ஒரு தடவை துடைச்சுகிட்டாங்க, அவ்வளவுதான். கடைசியா உயிரைக் குடுத்து ஒரு இழுப்பு இழுத்ததுல கால் வழுக்கி, மல்லாக்கப் போய் மெத்தையில விழுந்தார். ஆனா என்ன விழுகைங்கறீங்க! கை தட்டினது, தலை தூக்கினது, முதுகு உருண்டது, எல்லாம் அச்சு பிசகாம இருந்துச்சு.

"விழுந்தது பிரமாதம்"னார் மாஸ்டர். அதுக்கப்புறம் அவர் நாளைக்கு சாரைப் பார்க்கவே இல்ல. நேரா அந்த அம்மாகிட்டப் போய்க் கைகூப்பினார். "அம்மா, இந்த மாதிரி நிலையை நான் பார்த்ததில்ல. எந்த மாஸ்டர்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

அந்த அம்மா கீழ கிடந்தவரைக் கையைக் காட்டினாங்க.

"இவர்கிட்டதாங்க. ரெண்டு வருஷமா குழாய் குடுக்கல. நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம். சாயங்காலம் மறுபடியும்."

நாளைக்கு சார் கண்ணை மூடிகிட்டார். மூடின கண்ணுக்குள்ள சேறு தெரிஞ்சுது.

ஆனா பெரிய சாருக்கு முகமெல்லாம் பல்லு. படக்குன்னு மைக்கைப் பிடிச்சார்.

"பெருமைக்குரிய பொதுமக்களே! ஊரெல்லாம் காசு வாங்கிகிட்டு உடம்பைக் கெடுக்கிறாங்க. நம்ம அலுவலகம் விளம்பரமே இல்லாம, இலவசமா, வீடு தேடி உடற்பயிற்சி குடுத்துகிட்டு வந்திருக்கு! அந்தப் பயிற்சியாளர் இதோ படுத்திருக்கார். இன்னையிலேருந்து தாமதம்ங்கற வார்த்தையே இந்த ஆபீஸ்ல கிடையாது. அதுக்குப் பேரு ஆரோக்கியத் திட்டம்!"

நாளைக்கு சார் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார். நாற்காலி திரும்பி வருதா?

வந்துடுச்சு. தலைமைப் பயிற்சியாளர்னு பேரோட வந்துச்சு. சுழல்ற நாற்காலியும் ரெண்டு ஃபேனும் குடுக்கறதா அங்கயே அறிவிச்சாச்சு. ஹால் அதிர்ற மாதிரி கைதட்டல். ஊழியருங்க தட்டினாங்க, சரி. பெஞ்சுல குடும்பத்தோட குழாய்க்குக் காத்துகிட்டிருந்தவங்களும் தட்டினாங்க. கண்ணாடியைத் தட்டினவர் எல்லாரையும் விடப் பலமாத் தட்டினார், அவருக்குத் தட்டறது கைவந்த விஷயம்.

பெரிய சார் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "இப்ப உங்களுக்குக் குழாய் குடுத்தா இந்த உடம்பு வீணாப் போயிடும். உங்க நல்லதுக்காகத்தான் சொல்றேன். என்னம்மா சொல்றீங்க?"

அந்த அம்மா ஜூடோ சட்டையைக் கழட்டினாங்க. நாலா மடிச்சுப் பெரிய சார் கையில குடுத்தாங்க.

"நல்ல திட்டம் சார். முதல்ல உங்க வீட்டுக் குழாயை மூடுங்க. அப்புறம், கை தட்டின உங்க ஊழியருங்க வீட்டுது."