மெக்கானிக் கை படாத வண்டி

"மெக்கானிக் கை இந்த வண்டியில படக்கூடாது. பட்டா நான் மனுஷனே இல்லை!"

ஆறு மாதத்துக்கு முன்னால், எங்கள் கார் ஷெட்டின் வாசலில் நின்று, என் மனைவியின் முன்னிலையில் இப்படி ஒரு சபதம் செய்தேன். குரல் கணீரென்றுதான் இருந்தது. எனக்கு எல்லாமே ஆரம்பத்தில் கணீரென்றுதான் இருக்கும்.

"அப்போ யாரு கை படும்?" என்றாள்.

"இந்தக் கை!"

என் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போய், ஆணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலை அடித்துக்கொண்ட கை அது. "சரி" என்றாள். அவள் 'சரி' என்றால் எதுவும் சரியில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

வண்டி என் பெரியப்பாவுடையது. என்னைவிட ஒன்பது வயது மூத்தது. அவர் வீட்டையும் நிலத்தையும் மகன்களுக்கு எழுதிவிட்டு, காரை எனக்கு எழுதிவைத்துப் போய்ச் சேர்ந்தார். மகன்கள் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அதிலிருந்தே வண்டியின் லட்சணம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். இந்த வீட்டில் எனக்கென்று எதுவுமே கிடையாது. திரைச்சீலையின் நிறம் அவள் தீர்மானம். நான் எந்தப் பக்கம் தலை வாருவது என்பதும் அவள் தீர்மானம். அலமாரியில் எனக்கு ஒரே ஒரு தட்டு. அதிலும் பாதியில் அவள் தையல் துணி. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊருக்கே துணி தைக்கிறவள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவன் எழுதினதில் தப்புக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. சொந்தமாக ஒன்றைச் செய்து 'இது நான் செய்தது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் காரையாவது நானே ஓட வைத்தால் நானும் ஒரு ஆள். அவ்வளவுதான் ஆசை. பேராசையா இது?

"தெருக்கோடிப் பட்டறையில விட்டா மூணே மாசத்துல ஓடும்" என்றாள் அவள்.

"பட்டறைக்காரன் செஞ்சா அது அவன் வண்டி. நான் செஞ்சாத்தான் என் வண்டி."

"ஆறு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள ஓடலைன்னா பட்டறைக்குப் போகும். அவரும் கைவிரிச்சா காயலான் கடைக்குப் போகும்."

"வண்டியா?"

"முதல்ல வண்டி."

வேலையை ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷெட்டில் கிடந்தேன். முகமெல்லாம் கிரீஸ். வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்படிப் பெருசா என்னத்தைக் கழட்டினீங்க?"

தமிழில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம். நான் கௌரவமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். "கார்புரேட்டர், வாட்டர் பம்ப், ரேடியேட்டர்" என்றேன்.

"மாட்டியாச்சா?"

"நாளைக்கு."

மறுநாள் மாட்டினேன். மாட்டி முடித்தபோது, அவள் சமையலறையிலிருந்து நான் எடுத்துவந்த டப்பாவில் பதினேழு நட்டு மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"உபரி."

"கம்பெனிக்காரன் பதினேழு நட்டு உபரியாவா குடுத்தான்?"

"அந்தக் காலத்து ஆளுங்க தாராளமானவங்க."

"சாவியைப் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். வண்டி வெடித்தது. நிஜமாகவே டமார் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு மனிதர் மதில்மேல் தலையை நீட்டி, "சார், உயிரோட இருக்கீங்களா?" என்றார். இருப்பதாகச் சொன்னேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

வாரம் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து மனம் புழுங்கினேன். அடுத்த சனிக்கிழமை ஷெட்டைத் திறந்து சாவியைப் போட்டேன். வெடிக்கவில்லை! ஒரு இருமல் இருமி, பத்து விநாடி ஓடி நின்றது. டப்பாவைப் பார்த்தேன். நட்டு ஒன்றுகூட இல்லை.

"டப்பாவுல இருந்ததெல்லாம் எங்கே?"

"உபரின்னுதானே சொன்னீங்க? எடுத்துப் போட்டுட்டேன்."

எங்கே போட்டாள் என்று கேட்கத் தோன்றவில்லை. இஞ்சினுக்கு ஒரு வாரம் ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது, அதுதான் ரகசியம் என்று எனக்கு நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். அச்சகத்தில் எல்லாருக்கும் அதை விளக்கினேன். "இரும்புக்கும் மனசு இருக்கு. அவசரப்படுத்தக் கூடாது" என்றேன். புத்தகம் அச்சுக்குக் கொடுக்க வந்த எழுத்தாளர் ஒருவர் அதைக் குறித்தே வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் இப்படியே நடந்தது. சனி ஞாயிறில் நான் பிரேக்கைப் பிரிப்பேன். மிதித்தால் ஹாரன் அடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் அதுவே ஓய்வெடுத்துச் சரியாகிவிடும். சனி ஞாயிறில் நான் ஒயர்களை மாற்றுவேன். இடது பக்கம் திரும்ப விளக்கைப் போட்டால் வைப்பர் ஆடும். அடுத்த வாரம் பார்த்தால் விளக்கு விளக்காக இருக்கும், வைப்பர் வைப்பராக இருக்கும்.

"யாரு சார் வேலை பாக்குறது?" என்றார் மதில்மேல் மனிதர்.

"நானேதான்!"

அவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பொறாமை என்று நினைத்தேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். என் வாழ்க்கையில் என்னை நானே மதித்தது அந்தச் சில மாதங்கள்தான். கண்ணாடி முன்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷமும் இந்தக் கையைப் பேனா பிடிக்கவிட்டு வீணடித்துவிட்டேனே என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஆறாவது மாதம், கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, வண்டி ஓடியது. ஷெட்டிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவைச் சுற்றி, திரும்பி வந்து நின்றது. இறங்கி மனைவியைப் பார்த்தேன். "எப்படி?" என்றேன்.

"நல்லா ஓடுது" என்றாள். ஏனோ அவள் முகத்தில் என் முகத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அட, புருஷனை நினைத்துப் பூரிக்கிறாள் என்று நான் பூரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? இஞ்சினைத் துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று டார்ச்சும் துணியுமாகக் குனிந்தேன். ஒரு நட்டின்மேல் மெல்லிசாகச் சிவப்புக் கோடு. அடுத்த நட்டிலும் கோடு. எல்லா நட்டிலும் கோடு! புத்தகத்தில் படித்திருக்கிறேன். பட்டறையில் ஒரு நட்டை உரிய அளவு முறுக்கி முடித்ததும் அதன்மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். கோடு விழுந்தால் அந்த நட்டின் வேலை முடிந்தது.

நான் ஒரு கோடும் போடவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி! எனக்குத் தெரியாமல் மெக்கானிக்கைக் கூட்டிவந்திருக்கிறாள்! நேரே தெருக்கோடிக்கு நடந்தேன். பட்டறைக்காரர் ஒரு வண்டியின் அடியில் படுத்திருந்தார். கால்தான் தெரிந்தது. காலிடமே கத்தினேன்.

"யாரைக் கேட்டு என் வண்டியில கை வச்சீங்க?"

வெளியே ஊர்ந்து வந்தார். "நானா? உங்க வண்டியிலயா? சத்தியமா இல்லை சார்."

"பொய்! நட்டுக்கு நட்டு பெயிண்ட் கோடு இருக்கு!"

"என்ன கலரு சார்?"

"சிவப்பு."

"நாங்க மஞ்சள்தானே போடுவோம்." பக்கத்து வண்டியைக் காட்டினார். மஞ்சள்தான். "உங்க கோடு பளபளன்னு இருக்குமே?"

"ஆமா."

"அது பெயிண்ட் இல்லை சார். நெயில் பாலிஷ்."

அவர் சந்தோஷமாகப் பேசினார்.

"அக்கா தினமும் நீங்க வேலைக்குப் போனப்புறம் வந்து நின்னு பார்ப்பாங்க. கேட்பாங்க. போய்ச் செய்வாங்க. நட்டை முறுக்கினதும் ஒரு கோடு போடணும்னு நான்தான் சொன்னேன். கையில இருந்ததை வச்சுப் போட்டிருக்காங்க. நான் பலபேருக்குக் கத்துக் குடுத்திருக்கேன் சார், அந்த நிதானம் யாருக்கும் வராது. தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டுற கை இல்லையா? நானே வந்து பாக்குறேன்னு சொன்னேன். ஷெட் வாசப்படியை மிதிக்கவே விடலை. 'அவர் சபதம் போட்டிருக்கார்'னுட்டாங்க."

"என்னைப் பத்தி வேற ஏதாவது சொன்னாளா?"

கொஞ்சம் தயங்கினார். "'சனி ஞாயிறு லீவு இல்லாம இருந்தா மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்'னாங்க."

திரும்பி நடந்தேன். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பிடித்துவிடுகிற கண் இது. ஆறு மாதமாக என் மனைவியின் நகத்தில் என்ன நிறம் என்று இந்தக் கண் பார்க்கவில்லை. அவள் நகத்தடியில் கிரீஸ் இருந்திருக்கும். அதையும் பார்க்கவில்லை. கோபம் யார்மேல் என்றே எனக்குத் தெரியவில்லை. இருந்த ஒரே பொருளும் போயிற்றே என்று வயிறு எரிந்தது, அது மட்டும் நிச்சயம்.

அவள் ஷெட்டில்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா பக்கத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் தப்புக் கண்டுபிடிப்பீங்க. அது உங்க உத்தியோகம். எனக்கும் ஏதாவது ஒண்ணை நிம்மதியாச் செஞ்சு பாக்கணும்னு இருக்காதா?"

"என் சபதத்தைக் கெடுத்துட்டியே!"

"எங்கே கெடுத்தேன்? மெக்கானிக் கை படக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? படலை. என் கை படக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

இருபத்திரண்டு வருஷமாக வாக்கியத்தில் ஓட்டை கண்டுபிடிப்பவன் நான். இந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை.

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கையை நீட்டினாள். நானும் சொன்னபடி கேட்டுப் பழகினவன்தானே? சாவியைக் கொடுத்துவிட்டேன். டிரைவர் சீட்டில் ஏறிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். "ஓட்டுறது எப்போ கத்துக்கிட்டே?" என்றேன். "செஞ்சவளுக்கு ஓட்டத் தெரியாதா?" என்றாள். நான் சுற்றி வந்து மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது? மனசிலிருந்த ஆத்திரத்தையெல்லாம் அந்தக் கதவிலாவது காட்டலாம் என்று ஓங்கிச் சாத்தக் கையை வைத்தேன்.

"ஐயோ, மெதுவா! அந்தக் கதவு ஒண்ணுதான் நீங்க மாட்டினது."