ஸ்டாண்ட்பை சாரின் வியாழக்கிழமைகள்

சும்மா இருப்பதையே முழுநேர உத்தியோகமாகப் பார்த்து, அதில் ஓய்வும் பெற்ற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்டாண்ட்பை சார்தான். கீழே சமவெளியில் ஏதோ ஒரு கேஸ் மின் நிலையத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, மலைக்குளிர் மனசுக்குப் பிடித்துப்போய் கொடைக்கானலுக்கு ஏறிவந்தவர். நாயுடுபுரத்தில் எங்கள் எதிர்வீடு. ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கும், நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"அங்க என்ன வேலை சார் பாத்தீங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ரெடியா இருந்தேங்க வாத்தியாரே."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

பிறகு அவரே விளக்கினார். பகலில் வெயிலும் காற்றும் கரண்ட் கொடுக்கும்போது அவருடைய நிலையம் ஓய்ந்து நிற்குமாம். பொழுது சாய்ந்து சோலார் கையை விரித்ததும் எழுந்து ஓட வேண்டும். "நிலக்கரி மெஷின் சூடாகி வர ரொம்ப நேரம் புடிக்குங்க. எங்களது வெரசா எந்திரிச்சிரும். பொகையும் கரியவிடக் கம்மி" என்றார். கேஸ் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் தூங்குமாம். அப்போதும் துடைத்து, எண்ணெய் போட்டு, தயாராக வைத்திருக்க வேண்டும். இப்படித் தயாராக நிற்பதற்கு அங்கே 'ஸ்டாண்ட்பை' என்று பேராம்; எங்கள் தெருவில் அதுவே அவருக்கும் பேராகிவிட்டது.

அப்போதுதான் என் வீட்டுக் கூரையில் சோலார் தகடு மாட்டியிருந்தேன். அந்தத் திமிரில், "நாடு முழுக்க சோலார் வந்துட்டா உங்க பிளாண்ட்ட இழுத்து மூடிற வேண்டியதுதான?" என்றேன்.

"தாராளமா மூடட்டுங்க. மொத ஆளா நான் கைதட்டுவேன். ஆனா பெரிய பேட்டரியெல்லாம் வந்து சேர்ற வரைக்கும் யாராச்சும் ரெடியா நிக்கணும்ல?"

வேலை போனாலும் புத்தி போகுமா? ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பையில் ஒரு புது மாலையோடு போய் மணமேடைக்குப் பக்கத்திலேயே நிற்பார். மாப்பிள்ளை மாலையைக் குரங்கு பிடுங்கிவிட்டால்? எந்தக் குரங்கும் பிடுங்கவில்லை. பட்டு வேட்டி வேறு கட்டிக்கொண்டு வருவார். "மாப்ள ஓடிட்டா இவரே தாலியக் கட்டிருவாரு போல" என்று பெண் வீட்டார் கொஞ்சம் கவலையாகத்தான் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வியாழக்கிழமை. கேஸ் சிலிண்டரில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தார். வாராவாரம் வியாழன் காலை வெள்ளனே அதை வாசலில் இறக்கி, ஒரு குண்டு பல்புகூட மாட்டாமல், பத்து நிமிஷம் ஓட்டுவார். தெருவே அதிரும்.

"வெறுமன எதுக்கு சார் ஓட்டுறீங்க?"

"ஓடுதான்னு பாக்கத்தாங்க."

மனு எழுதுவதில் நான் சூரன். சும்மா இருப்பேனா? முதியோர் உறக்கம், பிள்ளைகள் படிப்பு, பறவைகளின் நிம்மதி என்று இரண்டு பக்கம் எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி அவரிடமே கொண்டுபோனேன். நிதானமாகப் படித்தார். "ரொம்பச் சரிங்க. சத்தம் ஜாஸ்திதான்" என்று பேனாவை வாங்கி, தானும் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வியாழன் தெரு அமைதியாக இருந்தது. எட்டு மணி வரை வெற்றிகரமாகத் தூங்கினேன்.

ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்தில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆக்சிஜன் மெஷின் ஒன்றும் கூடவே வந்தது. கொஞ்ச நாளைக்கு அது நிற்கவே கூடாது என்றார் டாக்டர். எனக்கென்ன, கூரையில் சோலார், உள்ளே பேட்டரி.

நான்கு நாள் விடாத மூடுபனி. ஐந்தாம் நாள் காலை காற்றில் ஒரு மரம் கம்பிமேலும் ரோட்டின் குறுக்கேயும் விழுந்தது. கரண்ட் போனது. நான்கு நாளாக வெயில் காணாத பேட்டரி, மதியத்துக்குள் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. மெஷின் நின்றது. ஸ்டெல்லாவின் உதடு நீலம் பாரித்தது. வண்டியும் வர வழியில்லை. ஐயோ என்று கதவைத் திறந்தேன்.

வாசலில் ஜெனரேட்டரோடு ஸ்டாண்ட்பை சார் நின்றார். "பேட்டரி கத்துனது கேட்டுச்சுங்க. ஒயர ஜன்னல் வழியா உள்ள இழுங்க."

ஒயரை உள்ளே இழுத்து மாட்டினேன். ஆறு மாதமாக ஓடாத மெஷின். ஓட விடாதவன் நான். கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கயிற்றை ஒரே இழுப்புத்தான் இழுத்தார். ஓடியது.

ஸ்டெல்லாவின் உதட்டில் நீலம் மறைந்தபோது நான் வாய்விட்டு அழுதேன். சார் உள்ளே வரவில்லை. தூறலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தான் நனைந்துகொண்டு மெஷினுக்குக் குடை பிடித்தார். சாயங்காலம் ரோடு திறந்ததும் ஜீப் ஓட்டும் முருகேசன் இன்னொரு சிலிண்டர் கொண்டுவந்தார்.

"இத்தன மாசம் சும்மா கெடந்தது எப்படிப்பா ஒரே இழுப்புல ஓடுச்சு?" என்றேன் அவரிடம்.

"யாரு சொன்னா சும்மா கெடந்துச்சுன்னு? வியாழக்கெழம தவறாம என் ஜீப்புல ஏத்தி, எங்க பூண்டுத் தோட்டத்துல வச்சுல்ல ஓட்டுறாரு. பூண்டு மனுப் போடாதாம்ல!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்க சார். ரொம்ப நன்றி."

அவர் நெளிந்தார். "இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி? முப்பது வருஷத்துல மெஷின் ஓடுன அன்னிக்கிக்கூட யாரும் சொன்னதில்லயே."

ஜன்னலுக்குள்ளிருந்து ஸ்டெல்லா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "சார், இன்னிக்கி ஓடுனதுக்கு மட்டும் இல்ல. சும்மா நின்னீங்கள்ல, அத்தன நாளுக்கும் சேத்துத்தான்."

அதுவரை மெஷினுக்குப் பிடித்திருந்த குடையை, முதல் தடவையாக, சார் தன் முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார்.