முன்னாடி ஒரு ஆன்ட்டி, பின்னாடி ஒரு ஆன்ட்டி

இனி என் பழைய பியட் வளைவில் சாயாது என்று சபதம் போட்டேன். சாயாது என்பது திலகவதிக்குத் தெரியக் கூடாது என்று இன்னொரு சபதமும் போட்டேன். முதல் சபதத்துக்கு மெக்கானிக் போதும். இரண்டாவதற்குத் தெய்வமே துணை.

திலகவதி என் மனைவி. லைசென்ஸ் வைத்திருக்கிறாள். என்னைவிட அழகாக எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ். அவள் சாவி கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். "வயசான வண்டி. வளைவுல சாயும். உன் கைக்கு அடங்காதும்மா."

பொய்யில்லை. சிப்காட் பக்கம் வலது கைத் திருப்பத்தில் ஒடித்தால், ஓட்டுகிற நான் திலகவதி மடியில் இருப்பேன். ஸ்டீயரிங் மட்டும் என் கையில் இருக்கும். அந்தச் சாய்வு இருக்கிறவரைக்கும் சாவி என்னுடையது.

ஆனால் பழவேற்காடு ரோட்டில் ஜம்மென்று ஓட்டிப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா? கவரைப்பேட்டை மெக்கானிக் அப்பாவுதான் வழி சொன்னான். ஆன்ட்டி ரோல் பார். இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் தடி. தடி தடிமனானால் சாய்வு போய்விடும். ரகசியமாகப் போட்டுவிடுவது. திலகவதி ஏறும்போது மட்டும் வளைவில் நானே உடம்பைச் சாய்த்துச் சமாளிப்பது. இப்படியொரு திட்டத்தைக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே எவனும் போட்டிருக்க மாட்டான்.

மொட்டை மாடியில் நின்று போன் பேசியதுதான் தப்பு. அடுத்த மாடியில் பக்கத்து வீட்டு மெர்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவு, ஒல்லியா கீறது வேணாம்பா. நல்லா தடியா பாரு. முன்னாடி ஒரு ஆன்ட்டி, பின்னாடி ஒரு ஆன்ட்டி. ஊட்டுக்கு வேணாம், உன் ஷெட்டுக்கே வரட்டும். என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா பேஜாரு."

நான் படியிறங்குவதற்குள் செய்தி இறங்கிவிட்டது. திலகவதி தோசைத் திருப்பியோடு நின்றாள். அடுப்பில் தோசை எதுவும் இல்லை.

"யாரு அந்த ஆன்ட்டி?"

"எந்த ஆன்ட்டி?"

"முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னாமே! ரெண்டு கேக்குதா உங்களுக்கு?"

"ஐயோ திலகா, அது பார்!"

"இன்னாத்த பாக்கறது?"

"பாக்கறது இல்லம்மா. பார். ஆன்ட்டி ரோல் பார்."

"ஓ! பாருக்கு வேற போய்க்கினு கீறீங்களா?"

"அது இரும்பும்மா!"

"ஆமா, மனசு இரும்பாத்தான் பூட்ச்சி. மெர்சி, நீதான் சாட்சி!"

"கேட்டுக்கினுதான் கீறேன்க்கா!" என்றது பக்கத்து ஜன்னல்.

திலகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பள்ளிப்பட்டுல எங்க அண்ணனுக்குப் போன் போடறேன். அது வந்து கேக்கட்டும்."

இந்தப் பக்கம் மானம். அந்தப் பக்கம் சாவி. மைத்துனருடைய புஜத்தை நினைத்துப் பார்த்தேன். மானம்தான் பெரிசு என்று பட்டது.

"திலகா, சத்தியமா சொல்றேன். அந்த இரும்பைப் போட்டா வண்டி சாயாது. அவ்ளோதான் விஷயம்."

குழாயை மூடினாற்போல் அழுகை நின்றது.

"சாயவே சாயாதா?"

"சாயாது."

"என் கைக்கு அடங்குமா?"

தோசைத் திருப்பி லேசாக அசைந்தது.

"அடங்கும்."

"மெர்சி, கேட்டியா?"

"கேட்டேன்க்கா!"

அப்போதும் நான் நம்பிக்கையை விடவில்லை. அடங்கும் என்றுதானே சொன்னேன்? தருகிறேன் என்றா சொன்னேன்? வண்டி தயாரானதும் முந்திக்கொண்டு நான் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் இறக்கிவிட யாரால் முடியும்?

ஷெட்டில் விட்டிருந்த வண்டி தயார் என்று சனிக்கிழமை அப்பாவு கூப்பிட்டான். திலகவதியும் கிளம்பினாள். பூ, கறுப்புக் கண்ணாடி, புதுச் செருப்பு. வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாடினால் எனக்கு எப்போதும் பயம்தான்.

ஷெட்டில் பியட் மினுமினுத்துக்கொண்டு நின்றது. ஒரே ஓட்டமாக ஓடிக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதில் பாதிதான் உண்மை. என் ஆறடி உடம்பு உள்ளே போகவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்து மோவாய்க்கு வந்துவிட்டன. சீட்டைப் பின்னால் தள்ளினேன். முக்கித் தள்ளினேன். ஒரு நூல்கூட நகரவில்லை.

திலகவதி வெளியே நின்று வேப்பமரத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவு, இன்னாப்பா இது? சீட்டு முன்னாடி வந்து மாட்டிக்கினு கீது?"

"மாட்டிக்கல சார். வெல்டு வெச்சிக்கீது. அக்கா காலுக்கு எட்டறாப்புல."

"வெல்டா? அவ எப்படா வந்து சொன்னா?"

அப்பாவு தலையைச் சொறிந்தான்.

"இந்தப் பாரைப் போட்டா வண்டி சாயாதுன்னு உங்க காதுல ஓதச் சொன்னாங்களே சார், அன்னிக்கே கால் அளவு குடுத்துட்டாங்க."